விற்பனைக்கு ஒரு டவ்டெயில் ஜிக்

வாங்க தம்பி, உள்ள வாங்க. செருப்போடயே வாங்க, இது கார் ஷெட்டுதான், கீழ பூரா மரத்தூளு. ஃபோன்ல பேசினது நீங்கதானே? தஞ்சாவூர்லேருந்து பஸ்ஸா? சரி. அந்த ஸ்டூல்ல உக்காருங்க. ஃபேனை உங்க பக்கம் திருப்பி விடறேன்.

இதுதான். விளம்பரத்துல போட்டிருந்த படம் இதோடதுதான். கையில எடுத்துப் பாருங்க. கனமா இருக்கா? இருக்கணும். கனம் இல்லாத ஜிக்கு, மேல ரவுட்டர், அதான் மரத்தைக் குடையுற மிஷினு, ஓடும்போது ஆடும். ஆடினா ஜாயிண்ட்டு போச்சு. நீங்க இப்பதான் மரவேலை ஆரம்பிக்கிறேன்னு சொன்னீங்க, அதனால விளக்கமா சொல்றேன். டவ்டெயிலுங்கிறது புறா வால் மாதிரி விரிஞ்ச பல்லு. ஒரு பலகையில பல்லு, இன்னொரு பலகையில அதுக்கேத்த பள்ளம். கோத்துட்டா ஆணி வேண்டாம், ஸ்க்ரூ வேண்டாம், இழுத்தாலும் வராது. உளி வெச்சுக் கையாலயும் வெட்டலாம், எனக்கு அந்தக் கை வராது. நமக்கு மிஷினுதான். ரவுட்டர்ல சுத்துற பிட்டு, அந்தக் கத்தி, எதுவரைக்கும் போகலாம், எங்க நிக்கணும்னு இந்த ஜிக்கு வழி காட்டும். சீப்பு மாதிரி இருக்கு பாருங்க, இந்த விரலுக்கு நடுவுலதான் ரவுட்டர் போயிட்டுப் போயிட்டுத் திரும்பும். அவ்வளவுதான் விஷயம்.

ஆனா எதை வாங்கறதுங்கறதுல இருக்கு பாருங்க பாடு. நான் பட்டது நீங்க படக்கூடாது.

என் பேரு இருதயராஜ். பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்புல இன்ஸ்பெக்‌ஷன்ல இருந்தேன். ஒரு பாகம் வரும், அளவுல இருக்கான்னு பாப்பேன். இருந்தா பாஸ். இல்லன்னா திருப்பி அனுப்பு. நடுவுல பேச்சே கிடையாது. ரிட்டயர் ஆனப்புறம் சும்மா உக்கார முடியல, இந்த ஷெட்டுல மரவேலை ஆரம்பிச்சேன். பிலோவும் சந்தோஷமாத்தான் சரின்னா. பிலோமினா, என் வீட்டுக்காரி. எங்களுக்குப் புள்ளைங்க இல்ல. வீட்டுல நானும் அவளும்தான்.

போன தவக்காலத்துல அவளுக்கு முதுகு வலின்னு ஆரம்பிச்சுது. அதுக்கு முன்னாடி மார்புல கட்டி வந்து, ஆபரேஷன் பண்ணி, எல்லாம் சரியாப் போனவதான். அதுவே திரும்பி வந்து முதுகெலும்புல இறங்கிடுச்சுன்னாங்க. பெரிய டாக்டர் என்னை மட்டும் தனியாக் கூப்பிட்டுப் பேசினாரு. இனிமே வீட்டுல வெச்சுப் பாத்துக்குங்க, நீங்க பக்கத்துல இருங்க, அதுதான் மருந்துன்னாரு. சரின்னு கூட்டிட்டு வந்தேன். நடமாட்டம் குறைஞ்சு, அப்புறம் கட்டிலோட ஆயிட்டா. குளிப்பாட்ட, துணி மாத்த சகாயத்தோட சம்சாரம் காலையில வந்துட்டுப் போகும். சகாயம் பிலோவோட தம்பி. என் மச்சினன். அவன் கதைக்கு அப்புறம் வரேன்.

ஒரு நாள் கஞ்சி குடிச்சிட்டு இருக்கும்போது சொன்னா. “என்னங்க, கட்டிலுக்குப் பக்கத்துல சின்னதா ஒரு இழுப்பறை செஞ்சு வைங்களேன். கண்ணாடி, மாத்திரை, ஜெபமாலை எல்லாம் கைக்கு எட்டுற மாதிரி இருக்கும். ஒவ்வொண்ணுக்கும் உங்களைக் கூப்பிட வேண்டியிருக்கு.”

அவ என்கிட்ட இது வேணும் அது வேணும்னு கேட்டவளே இல்ல தம்பி. புடவை கூட நானா எடுத்துக் கொடுத்தாத்தான். அப்படிப்பட்டவ வாயத் திறந்து ஒரு சாமான் கேட்டிருக்கா. ஏனோதானோன்னு செஞ்சு கொடுக்க முடியுமா, நீங்களே சொல்லுங்க. அவ ஆயுசுக்கும் அசையாம நிக்கணும்னு நெனச்சேன். நாலு மூலையும் டவ்டெயில்ல கோக்கணும். பழைய வீடு இடிச்ச தேக்குப் பலகை வெச்சிருந்தேன், ரவுட்டர் இருந்துச்சு. ஜிக்கு ஒண்ணுதான் இல்ல.

முதல்ல வாங்கினது கடைத்தெருவுல கிடைக்கிற ரகம். அதுல சீப்பு ஒரே வார்ப்பு. பல்லோட இடைவெளிய மாத்த முடியாது. பலகை அகலம் அந்தக் கணக்குக்கு ஒத்து வந்தா நல்லது, இல்லன்னா ஓரத்துல அரைப் பல்லு நிக்கும். எனக்கு நின்னுச்சு. ரெண்டு துண்டு கோத்து எடுத்துட்டுப் போயி பிலோகிட்ட காட்டினேன். “நல்லாத்தானே இருக்கு, இதுவே போதுங்க”ன்னா. “ஓரத்தைப் பாரு, பாதிப் பல்லு”ன்னேன். கண்ணாடியைத் தேடினா. கண்ணாடி அந்தக் கோடி அலமாரியில இருந்துச்சு. நான் எடுத்துக் கொடுத்தேன். பாத்துட்டு, “எனக்கு வித்தியாசம் தெரியலையே”ன்னா. அவளுக்கு எப்படித் தெரியும்? ஜிக்கைக் கடையிலயே திருப்பிக் கொடுத்துட்டேன்.

அடுத்ததுல விரலெல்லாம் பிளாஸ்டிக்கு. வேண்டவே வேண்டாம் தம்பி. பிட்டு லேசா சாஞ்சாப் போதும், விரலைக் கடிச்சுத் துப்பிடும். அதுக்கடுத்து ஒண்ணு கோயம்புத்தூருக்கே போயிப் பாத்தேன். அலுமினியம்தான், ஆனா பலகையைப் பிடிக்கிற கட்டை ஒரு பக்கம் இறுகும், ஒரு பக்கம் நழுவும். அன்னைக்குப் பூரா சகாயம்தான் அக்காகூட இருந்தான். வேணாம்னு கையை வீசிக்கிட்டுத் திரும்பி வந்தேன்.

கடைசியில இதுதான்னு முடிவு பண்ணேன். ஒவ்வொரு விரலும் தனித்தனியா நகரும் பாருங்க. நெருக்கி வைக்கலாம், தள்ளி வைக்கலாம். நடுவுல அகலமா, ஓரத்துல ஒடுக்கமா, நம்ம இஷ்டத்துக்குப் பல்லை அமைச்சுக்கலாம், பாக்கறவன் கையில வெட்டினதுன்னே நினைப்பான். ஆனா உள்ளூர்ல கிடையாது. வெளிநாட்டுலேருந்து தருவிக்கணும்னாங்க. சொல்லி வெச்சேன். வரவரைக்கும் சும்மா இருக்க முடியுமா? ஃபோன்ல வீடியோ பாத்துப் பழகிக்கிட்டேன். வெள்ளைக்காரர் ஒருத்தர், வயசானவரு, ஒவ்வொண்ணையும் நிறுத்தி நிதானமா காட்டுவாரு. வேப்பம்பலகைத் துண்டுல பிட்டோட உயரம் வெச்சு வெச்சுப் பாத்தேன். ஒரு மயிரிழை இறக்கினா ஜாயிண்ட்டு இறுகும், ஏத்தினா தளரும். அந்த ஒரு மயிரிழைதான் எல்லாம்.

அந்த வெயில் காலம் முச்சூடும் நான் இங்கதான். அதோ தெரியுது பாருங்க ஜன்னலு, பச்சை திரை போட்டது, அதுதான் பிலோ படுத்திருந்த ரூமு. கூப்பிடு தூரம்தான். அவ இருமினாக்கூட இங்க கேக்கும், மிஷின் ஓடாம இருந்தா. டாக்டர் பக்கத்துலயே இருங்கன்னு சொன்னாரா, நான் பக்கத்துலயேதான் இருந்தேன். இத நான் சகாயத்துகிட்டயும் சொன்னேன்.

“என்னங்க”ன்னு கூப்பிடுவா. போயி நிப்பேன். “ஒண்ணுமில்ல, என்ன பண்றீங்கன்னு கேட்டேன்”ம்பா. “பிட்டு மாத்திட்டிருக்கேன்”பேன். “சரி சரி, பாருங்க”ம்பா. ஒரு நாள், கால் ரெண்டும் எரியுது, கொஞ்சம் எண்ணெய் தடவி விடறீங்களான்னு கேட்டா. என் கையப் பாக்கணுமே நீங்க, முழங்கை வரைக்கும் மரத்தூளு. அந்தக் கையோட தொடலாமா? அவளுக்கு உடம்புல எதிர்ப்பே இல்ல, எதாவது ஒட்டிக்கிட்டா யாரு பதில் சொல்றது? “கை கழுவிட்டு வரேன்”னு வந்தேன். வந்தா ரவுட்டர் ஸ்விட்ச் போட்டபடியே இருக்கு, பிளக்கைப் பிடுங்கினேன், பிட்டு லேசா இறங்கியிருந்த மாதிரி தெரிஞ்சுது, அதைச் சரி பண்ணினேன். உள்ள போனப்ப தூங்கிட்டா. தூங்கறவள எழுப்பி எண்ணெய் தடவ முடியுமா?

சகாயம் அன்னைக்குச் சாயங்காலம் வந்து தடவி விட்டுட்டுப் போனான்.

அவன் கதைக்கு வரேன். அவனுக்கு என்ன தொழில் தெரியுமா? ஃப்ளெக்ஸ் பேனருக்குச் சட்டம் அடிக்கிறது. கல்யாணம், காது குத்து, கட்சிக் கூட்டம், எதுவா இருந்தாலும் ரீப்பர் கட்டையை வெட்டுவான், மூலையில ரெண்டு ஆணி, அவ்வளவுதான். நாளைக்குப் பிரிக்கிற சாமானுக்கு அது போதும். நான் தப்புச் சொல்லல. தினமும் வேலை முடிச்சு வீட்டுக்குப் போற வழியில டிவிஎஸ்ஸை நிறுத்திட்டு உள்ள போயிடுவான். ரெண்டு பேரும் பேசிக்கிட்டு இருப்பாங்க. சின்ன வயசுல ஆத்துல குளிச்சது, அவங்க அப்பா குடிச்சிட்டு வந்து பாடினது. பிலோ சிரிக்கிறது இங்க கேக்கும். நல்லா இருக்காளேன்னு நெனச்சுக்கிட்டு நான் வேலையைப் பாப்பேன்.

ஒரு நாள் நான் மதியம் உள்ள போறேன், கட்டிலுக்குப் பக்கத்துல ஒரு பெட்டி நிக்குது. இழுப்பறை வெச்ச பெட்டி. ரீப்பர் கட்டையும் தேஞ்ச பிளைவுட்டும். மூலைக்கு மூலை ஆணி. ஒரு ஆணித் தலை வெளிய நீட்டிக்கிட்டு இருக்கு, அதுல அவ கையக் கிழிச்சுக்கக் கூடாதுன்னு பேண்டேஜ் துணி சுத்தியிருக்கான். இழுப்பறைக்கு உள்ள அடியில மிச்சப்பட்ட ஃப்ளெக்ஸை ஒட்டியிருக்கான். “வருக வருக”ன்னு எழுத்து, பாதி வெட்டுப்பட்டு. சந்து வழியா விரல் விடலாம். இது எங்க வீட்டுல, நான் இருக்கிற வீட்டுல.

சாயங்காலம் அவன் வந்ததும் வாசல்லயே நிறுத்திக் கேட்டேன். “நான் செய்றேன்னு உனக்குத் தெரியுமா தெரியாதா?”

“தெரியும் மாமா.”

“அப்புறம் எதுக்கு இது?”

“அக்காவுக்கு இப்ப வேணும் மாமா.”

“ஜிக்கு கப்பல்ல வந்துட்டிருக்கு. வந்ததும் முடிச்சிடுவேன். அதுக்குள்ள என்ன அவசரம் உனக்கு?”

அவன் என் மூஞ்சியையே பாத்தான். “சரி மாமா, உங்களுது வந்ததும் இதை நான் எடுத்துட்டுப் போயிடறேன்”னான். உள்ளேருந்து பிலோ கூப்பிட்டா. போனேன். “அவனை ஒண்ணும் சொல்லாதீங்க. உங்க பெட்டி வரட்டும், வந்ததும் மாத்திக்கலாம்”னா. கோடி அலமாரியில கண்ணாடி, மாத்திரை எதுவும் இல்ல. எல்லாத்தையும் அதுக்குள்ள வெச்சுட்டா. அதுக்கப்புறம் அவ என்னை அதிகமாக் கூப்பிடல. எனக்கும் வேலை தடையில்லாம ஓடுச்சு.

மழை ஆரம்பிச்ச சமயம் ஜிக்கு வந்துச்சு. பிரிச்சு மேசையில வெச்சதும், எப்படிச் சொல்றது, இவ்வளவு நாள் பட்டதுக்கு ஒரு அர்த்தம் வந்த மாதிரி இருந்துச்சு. முதல் ஜாயிண்ட்டே ரப்பர் சுத்தியால லேசாத் தட்டினேன், உள்ள போயி உக்காந்துச்சு பாருங்க, பேப்பர் கூட நுழையாது. ஓடிப்போயி பிலோகிட்ட கொடுத்தேன். அப்ப அவளுக்குக் கை தூக்கறதே கஷ்டம். நெஞ்சு மேல வெச்சுத் தடவிப் பாத்தா. மோந்து பாத்தா.

“இது பிரியாதா?”ன்னு கேட்டா.

“இழுத்தா பிரியாது. எவ்வளவு பலமா இழுத்தாலும்.”

“நல்லது”ன்னா. கொஞ்ச நேரம் கண்ண மூடி இருந்துட்டு, “முடிச்சிட்டீங்கல்ல, இன்னைக்கு இங்கயே இருங்களேன்”னா. இது ரெண்டு துண்டுதான் பிலோ, சாம்பிளு, இனிமேதான் தேக்கை எடுக்கணும்னு விளக்கிச் சொன்னேன். சின்னப் புள்ள மாதிரி கேக்கறா பாருங்க. அவளுக்கு மரவேலை பத்தி என்ன தெரியும். ரெண்டே நாள், முழுசா முடிச்சு இங்க கொண்டாந்து வைக்கிறேன்னேன். தலையை ஆட்டினா.

தேக்குப் பலகையை ஜிக்குல மாட்டி வெட்டிட்டு இருக்கேன். மதியம். மழை தூறல். காதுக்கு மூடி மாட்டியிருந்தேன், இந்தச் சத்தத்துக்கு மாட்டணும் தம்பி, நீங்களும் ஒண்ணு வாங்கிக்கணும். நடுப் பல்லு ஓடிக்கிட்டிருக்கு. ரவுட்டர் தானா நின்னுச்சு. கரண்டு போச்சுன்னு நெனச்சேன். இந்த மாதிரி நடுவுல நின்னா மேல தூக்கக் கூடாது, பல்லும் உடையும், ஜிக்கும் கெடும். அதனால அப்படியே அசையாம பிடிச்சுக்கிட்டு நின்னேன், கரண்டு வரட்டும்னு. வரல. ஃபேன் சுத்துது. ஃபேன் சுத்துதே, அப்புறம் எப்படின்னு திரும்பினேன்.

சகாயம் நிக்கிறான். கையில பிளக்கைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறான். நனைஞ்சிருந்தான். நான் காது மூடியைக் கழட்டினேன். பச்சை திரை ஜன்னல் பக்கம் கையக் காட்டினான்.

அவன் கடைசி வரைக்கும் கூட இருந்திருக்கான். கையைப் பிடிச்சுக்கிட்டு இருந்திருக்கான். நான் இங்க இருக்கேன், கூப்பிடு தூரத்துல, ஒரு வார்த்தை வந்து சொல்லல. இதைத்தான் என்னால தாங்க முடியல. எந்த மனுஷன் செய்வான் இப்படி? ஊர்ல எல்லாரும் அவனைத்தான் பெருமையாப் பேசினாங்க, அக்காவை எப்படிப் பாத்துக்கிட்டான்னு. எனக்குக் கையக் கொடுத்துட்டு அவனைக் கட்டிப் பிடிச்சு அழுதாங்க. கல்லறைக்குப் போயிட்டு வந்த அன்னைக்கே சொல்லிட்டேன், அந்தப் பெட்டியை எடுத்துட்டுப் போன்னு. அவன் அப்படியே தூக்கி டிவிஎஸ் பின்னாடி வெச்சுக் கட்டினான். உள்ள இருந்ததை எடுத்து வெச்சுட்டுப் போகணும்னு அவனுக்கும் தோணல, எனக்கும் தோணல.

அப்புறம் நான் வேலையை முடிச்சேன். முடிக்காம எப்படி விடறது. மூணு இழுப்பறை, எல்லாம் தேக்கு, எல்லா மூலையும் டவ்டெயில். போறப்ப காட்டறேன், உள்ளதான் இருக்கு, கட்டிலுக்குப் பக்கத்துல. தள்ளினா காத்து மேல போற மாதிரி போயி மூடும். மெழுகு போட்டுத் தேச்சு வெச்சேன். வெச்சுட்டுப் பாக்கறேன், உள்ள போடறதுக்கு ஒண்ணுமே இல்ல. அவ சாமான் எல்லாம் சகாயம் வீட்டுல. என் பொண்டாட்டி கண்ணாடி அவன் வீட்டுல எதுக்கு இருக்கணும்? போயி வாங்கிட்டு வந்துடறதுன்னு போன ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சு போனேன்.

அவன் சம்சாரம் காப்பி கொண்டாந்து வெச்சுது. அவன் எதிர்ல உக்காந்தான். கேட்டுட்டேன். “ஏன்டா என்னைக் கூப்பிடல?”

“கூப்பிடத்தான் எந்திரிச்சேன் மாமா. அக்காதான் கையை விடல.”

“என்ன சொன்னா?”

“அவரைக் கூப்பிடாத, அவரால பாக்க முடியாதுன்னுச்சு. மிஷின் சத்தம் கேக்குதுல்ல, வேலையா இருக்காரு, அதுவே போதும்னுச்சு.”

பாக்க முடியாதாம். என்னால. பாக்கறதுதானே தம்பி என் வேலையே. முப்பது வருஷம் வேற என்ன செஞ்சேன் நான்? வெர்னியர்ல அளக்குறதுக்கு முன்னாடி என் கண்ணு சொல்லிடும். அவனுக்கும் அதைத்தான் சொன்னேன், சத்தமாவே சொன்னேன். அவன் சம்சாரம் உள்ளேருந்து எட்டிப் பாத்துச்சு. அவன் எந்திரிச்சுப் போயி அந்தப் பெட்டியைத் தூக்கிட்டு வந்து என் முன்னாடி வெச்சான். “எடுத்துக்குங்க மாமா, நாங்க எதையும் தொடல”ன்னான்.

இழுப்பறையை இழுத்தேன். எல்லாம் இருந்துச்சு. கண்ணாடி, மடிச்ச கைக்குட்டை மேல. ஜெபமாலை. பாதி தீந்த மாத்திரை அட்டை. தைலம். ஒரு ஹேர்பின்னு, முடியெல்லாம் கொட்டினப்புறம் அது எதுக்குன்னு தெரியல. கண்ணாடி வலது பக்கம், அவ கை வர்ற பக்கம். அதுக்குப் பின்னாடி மாத்திரை, அப்புறம் மாலை. எடுக்கற வரிசையில வெச்சிருக்கா. நான் ஒரு மஞ்சப்பை கொண்டு போயிருந்தேன். பையை விரிச்சுக்கிட்டு உக்காந்திருக்கேன், கை உள்ள போக மாட்டேங்குது. எதை எடுத்தாலும் அந்த வரிசை போயிடும். என் இழுப்பறை அகலம் வேற. அவ வெச்ச மாதிரி திருப்பி வைக்க எனக்குத் தெரியாது.

“மூடிடு சகாயம், இங்கயே இருக்கட்டும்”னேன். அவன் மூடல, நானே தள்ளினேன். போகல. பாதியில பிடிச்சுக்கிட்டு நிக்குது. இன்னும் கொஞ்சம் அழுத்தினேன், உள்ள மாத்திரை சலசலங்குது, மூட மாட்டேங்குது.

“அப்படி இல்ல மாமா”ன்னு அவன் குனிஞ்சான். “இடது பக்கமா லேசாத் தூக்கி, அப்புறம் தள்ளணும். அக்கா படுத்துக்கிட்டே, பாக்காமயே ஒத்தக் கையால மூடும்.”

தூக்கித் தள்ளினான். மூடிக்கிச்சு.

அப்படியான்னு கேட்டேன். எனக்கு அது தெரியாது தம்பி. அந்தப் பெட்டி என் வீட்டுல அவ்வளவு நாள் இருந்துச்சு. அவ அதை மூடி நான் ஒரு தடவைகூடப் பாத்ததில்ல.